லே-அவுட் மனையில் தண்ணீர்: கேட்டவர்களுக்குப் பதில்

கோவை, திருப்பூர் சுற்றுவட்டாரத்தில் மனை வாங்கி வீடு கட்டப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் நீரோட்டம் பார்க்கிற நிலவியல்காரன். வாஸ்து, வங்கிக் கடன் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில் இல்லை.

அன்னூர் பக்கம் 30×40 மனை வாங்கியிருக்கிறேன் சார். எத்தனை அடியில் தண்ணீர் வரும்?

மனையைப் பார்க்காமலே அடிக்கணக்கு சொல்பவரை நம்பாதீர்கள். நம் பக்கம் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. மேலே உதிர்ந்த பாறையிலும், கீழே வெடிப்புகளிலும் மட்டும்தான் தண்ணீர் நிற்கும். வெடிப்பு கிடைக்காவிட்டால் தண்ணீர் வராது, பாறைத்தூள் புகைதான் வரும். பக்கத்து மனையில் 350 அடியில் கொட்டியது என்பதற்காக உங்களுக்கும் கொட்டும் என்றில்லை. ஆனாலும் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை அடி போட்டார்கள், கேசிங் (மேல்மண் சரியாமல் இறக்கும் குழாய்) எத்தனை அடி இறங்கியது, சித்திரையில் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது. மூன்றாவதுதான் முக்கியம். மனை விற்பவர் ஐப்பசி மழை முடிந்த கையோடுதான் போரை, அதாவது ஆழ்துளைக் கிணற்றை, ஓட்டிக் காட்டுவார்.

போரை ஈசானியத்தில் போட்டு, செப்டிக் டேங்கை எதிர் மூலையில் வைத்தால் போதுமா? (பல்லடம்)

செப்டிக் டேங்க் கழிவுநீர் இறங்கும் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 18 மீட்டர், அதாவது ஏறக்குறைய 60 அடி இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 30×40 மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான். உங்கள் குழியைத் தள்ளி வைத்தாலும், பின்மனைக்காரர் தன் குழியை உங்கள் போருக்குப் பத்தடியில் தோண்டுவார். அதனால் கேசிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். கெட்டிப் பாறைக்குள் சில அடி இறங்கட்டும், அதைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சிமெண்ட் பால் ஊற்றி அடையுங்கள். அப்படியும் அந்தத் தண்ணீரைச் சோதிக்காமல் குடிக்காதீர்கள்.

எங்கள் ஊரில் ஒருவர் தேங்காய் வைத்துப் பார்ப்பார். உள்ளங்கையில் படுத்த தேங்காய் செங்குத்தாக எழுந்து நிற்கும். அவர் காட்டிய இடமெல்லாம் தண்ணீர். உங்கள் மெஷின் எதற்கு? (அவிநாசி)

அவர் காட்டித் தண்ணீர் வராத இடங்களின் பட்டியல் யாரிடமாவது இருக்கிறதா? இருக்காது. தண்ணீர் வந்தவர் ஊரெல்லாம் சொல்வார், வராதவர் நேரம் சரியில்லை என்று விட்டுவிடுவார். உதிர்ந்த பாறை தடிமனாக உள்ள நிலத்தில் எங்கே குத்தினாலும் ஓரளவு வரும்.

900 அடி போயும் அரை இஞ்ச்தான். இன்னும் 300 அடி போகலாம் என்கிறார் போர் போடும் ரிக்காரர். போர் ஃபெயிலா? (சூலூர்)

நிறுத்துங்கள். ஆழம் போகப் போக ரேட் ஏறும், வெடிப்பு குறையும். தண்ணீர் வரத்தை இஞ்சில் சொல்வது ஆளுக்கு ஆள் மாறுகிற கணக்கு. வாளியையும் கடிகாரத்தையும் வைத்து அளந்து பாருங்கள். 20 லிட்டர் வாளி நான்கு நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 300 லிட்டர். நாலு பேர் உள்ள வீட்டுக்கு, ஆளுக்கு 135 லிட்டர் வைத்தாலும், நாளைக்கு 540 தான். இரண்டு மணி நேர ஊற்று போதும்.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆறரை இஞ்ச் போரில் அடிக்கு ஆறரை லிட்டர் தேங்கி நிற்கும். இரவில் 200 அடி ஏறி நின்றால் 1,300 லிட்டர் கையிருப்பு. சின்ன மோட்டார், ஒரு டைமர், தரையடியில் ஒரு சம்ப். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் இழுத்துக்கொள்ளுங்கள். ரிக்காரர் ஃபெயில் என்று சொன்னாலும் கேசிங்கை உருவ விடாதீர்கள்.

(அவிநாசி, மறுபடியும்) மெஷின் வைத்துப் பார்த்தும் என் மாமா வீட்டில் புகைதான் வந்தது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. என் மெஷின் மின்தடை மானி. நிலத்துக்குள் மின்சாரம் விட்டுப் பார்த்து அடுக்கைச் சொல்லும், லிட்டரைச் சொல்லாது. ஆழமாகப் பார்க்க வேண்டுமானால் கம்பியை இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கான அடி இழுத்து முளை அடிக்க வேண்டும். 30 அடி மனைக்குள் அது முடியாது, லே-அவுட் ரோட்டில் நீட்டித்தான் பார்க்க வேண்டும். உங்கள் மனைக்குள்ளேயே பெட்டியை வைத்துப் பத்து நிமிடத்தில் புள்ளி குறித்துவிட்டுப் போகிறவர் தேங்காய்க்காரருக்குச் சமம். அவருக்காவது தேங்காய் மிச்சம்.

போர்த் தண்ணீர் உப்பு. கான்கிரீட்டுக்கு ஆகுமா?

நாக்கால் முடிவு செய்யாதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டரில் 500 மில்லிகிராம் குளோரைடுதான் உச்சவரம்பு. லேப்பில் கொடுத்துப் பாருங்கள். தாண்டினால் கான்கிரீட் கலக்க, கியூரிங் பண்ண, இரண்டுக்கும் லாரித் தண்ணீர்தான்.

புரமோட்டர் "நல்ல தண்ணீர் வசதி உண்டு" என்கிறார்.

குழாய் வந்திருக்கிறதா, தண்ணீர் வந்திருக்கிறதா? ரோட்டைப் பஞ்சாயத்துக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிக் கொடுத்தாரா என்று பாருங்கள். மேல்நிலைத் தொட்டி அங்கே இருக்கிற வீடுகளுக்கே பத்துகிறதா என்று ஊரில் விசாரியுங்கள். ஜல் ஜீவன் குழாய்க்கே ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர்தான் கணக்கு.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் வந்துவிட்டதே, இனியும் போர் வேண்டுமா?

2024 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டம் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவதற்கு. உங்கள் வீட்டுக் குழாய்க்கு வராது. நிரம்புகிற குட்டைக்குப் பக்கத்தில் மனை இருந்தால் போர் பிழைக்கும்.

எத்தனை அடியில் தண்ணீர் வரும்? (காங்கயம்)

முதல் பதில்.

எங்கள் மனையில் எத்தனை அடி…

முதல் பதில்!

முதல் போர் காய்ந்துவிட்டது. கேசிங்கை எடுத்துக்கொண்டு பணம் தருகிறேன் என்கிறார்கள்.

கூடவே கூடாது. கேசிங்கை உருவினால் மேல்மண் சரிந்து வாய் அகலும். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது கைவிடப்பட்ட போர்க்குழியில்தான். காய்ந்த போரை அடியிலிருந்து மேல்மட்டம் வரை நிரப்பிப் பஞ்சாயத்துக்குத் தெரிவியுங்கள். இல்லை, மழைநீர் இறக்கப் போகிறீர்களா? கேசிங் இருக்கட்டும், பற்றவைத்த மூடி போடுங்கள், மொட்டைமாடித் தண்ணீரை வடிகட்டி இறக்குங்கள். 1,000 சதுர அடி மாடியில் 30 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,700 லிட்டருக்குமேல் விழும். கல்லைத் தூக்கி மேலே வைப்பது மூடி ஆகாது.

(அவிநாசி, மூன்றாவது முறை) நீங்களே நேரில் வந்து பாருங்கள். அவருக்கு ஓ பாசிட்டிவ் ரத்தம், அதனால்தான் பலிக்கிறது.

வருகிறேன். முதல் நடையில் தேங்காய் நிற்கிற இடங்களில் நான் முளை அடித்து, மேலே மண் தள்ளி மறைத்துவிடுவேன். பிறகு அவர் கண்ணைக் கட்டி, வேறு பக்கமிருந்து நடக்கவிடுவோம். அதே முளைகளில் தேங்காய் எழுந்தால் என் மெஷினை உங்களுக்கே தந்துவிடுகிறேன். துண்டு நான் கொண்டு வருகிறேன், தேங்காய் உங்கள் செலவு.