ஓவியம் அழகுதான், என்ன கேம் என்று தெரியவில்லையே!

கேள்வி: அக்கா, எனக்குப் பாலக்கோடு பக்கம். இரண்டு வருடமாகத் தனியாளாக ஒரு கணினி கேம் செய்துகொண்டிருக்கிறேன். பெயர் 'பரண்'. ராத்திரியில் கேழ்வரகுக் கொல்லையில் பரண்மீது உட்கார்ந்து, யானைக் கூட்டத்துக்கு அடிபடாமல் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். கணினி கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் பக்கம் திறந்தாயிற்று. படம் ஆயிரக்கணக்கானோர் கண்ணில் படுவதாகக் கணக்கு காட்டுகிறது. உள்ளே வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அட்டைப்படத்தை நண்பர் ஒருவர் ஆசையாக வரைந்து கொடுத்தார். பார்த்தவர்கள் எல்லோரும் அழகு என்கிறார்கள். பிறகு எங்கே தவறு?

பதில்: படத்தைப் பார்த்தேன், நானும் அழகு என்றுதான் சொல்வேன். நிலா, அடுக்கடுக்காக மலை, பனிமூட்டத்துக்குள் மங்கலாக யானைகள், கீழே இடது மூலையில் முதுகைக் காட்டி நிற்கும் பையன், மேலே ஓலைச்சுவடி எழுத்து மாதிரி மெல்லிசாக 'பரண்'. கணினித் திரை முழுக்க விரித்துப் பார்த்தால் மனசு நிறைகிறது. ஆனால் கடையில் யாரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை.

கடையில் கேமுக்கு அடையாளமாக வரும் அட்டைப்படத்தை ஸ்டீமில் கேப்ஸ்யூல் என்பார்கள். அதில் சின்ன கேப்ஸ்யூல் என்ற படத்தை 462×174 பிக்சலில் கேட்கிறார்கள். அதையே சுருக்கிச் சுருக்கிப் பட்டியல்களில் 120×45 வரைக்கும் காட்டுகிறார்கள். தபால்தலை அளவு. அந்த அளவில் உங்கள் படத்தைச் சுருக்கிப் பார்த்தேன். கருநீலப் பட்டை ஒன்று மிஞ்சியது, நடுவில் ஏதோ கீறல். போதாக்குறைக்கு ஸ்டீமின் பின்னணியே கருநீலம்தான். இரவுப் படம் அதில் கரைந்துபோய் விளிம்புகூடத் தெரியவில்லை.

என் கதை ஒன்று சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக் கூழ் ஆலைக்கு டின் லேபிள் வரைந்தேன். மாந்தோப்பு, பின்னால் கோட்டை மலை, கூடை சுமக்கும் பெண்கள் என்று பத்து நாள் உழைப்பு. ஆலைக்காரர் அதை ஒரு டின்னில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, பத்தடி தள்ளிப்போய் நின்று கேட்டார்: "இதுல மாம்பழம் எங்கம்மா?" அன்றைக்கு வந்த கோபம் அடங்க ஒரு வாரம் ஆயிற்று. கேள்வி சரி என்று ஒப்புக்கொள்ள இன்னும் கொஞ்சம் நாள் ஆனது.

உங்கள் படத்தில் இருப்பதும் அதே கோளாறு. கேம் நடக்கும் ஊரை வரைந்திருக்கிறீர்கள், கேமை வரையவில்லை. கடையில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவருக்கு ஒரே நொடியில் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: இதில் நான் என்ன செய்வேன், என் எதிரே நிற்பது எது. உங்கள் படத்தைப் பார்த்தால் நடந்து நடந்து கதை கேட்கும் கேம் என்றுதான் எனக்குத் தோன்றியது. உத்தி கேம் தேடுகிறவர் தாண்டிப் போய்விடுவார். தப்பித்தவறி உள்ளே வருகிறவர் தேடி வந்தது வேறு ஏதோ.

ஒரு நாள் தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் அங்கிருக்கும் நடுகற்களைப் பாருங்கள். வீரன் கல்லை அடைத்துக்கொண்டு நிற்கிறான். கையில் வில்லோ வாளோ இருக்கிறது. சிலவற்றில் உடம்பில் அம்பு தைத்திருக்கும், காலடியில் மீட்ட மாடுகள் சின்னதாக நிற்கும். வட்டெழுத்தைப் படிக்கத் தெரியாதவனுக்கும் ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன் என்று புரிகிறது. எதைப் பெரிதாக்க வேண்டும், எதை மூலைக்குத் தள்ள வேண்டும் என்று அந்தச் சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது. மலையை அவன் செதுக்கவே இல்லை.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். யானையின் நெற்றியும் ஒரு கண்ணும் வலப்பக்கத்தில் முக்கால்வாசி இடத்தை அடைக்கட்டும். இடப்பக்கம் பரண்மேல் பையன், கையில் தீப்பந்தம். அந்த வெளிச்சம் யானையின் முகத்தில் ஒரு பக்கமாக விழட்டும். நிலா வேண்டாம். இரவு இரவாகவே இருக்கட்டும், ஆனால் கருநீலத்துக்கு நடுவே தீயின் ஆரஞ்சு ஓர் இடத்தில் மட்டும் எரிந்தால் அந்தப் பட்டியலில் முதலில் கண் போவது அங்கேதான். யானையை விரட்டும் வில்லன் மாதிரி பையனை வரைந்துவிடாதீர்கள். அவன் பயந்திருக்கிறான், யானையும் பயந்திருக்கிறது. உங்கள் கேமே அந்தப் பயம்தான்.

வரைந்ததும் முதலில் உருவம் முழுவதையும் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். கிளிமூக்கு மாங்காயை வெறும் நிழலாக வரைந்து காட்டினாலும் நம் ஊர்க்காரர் மூக்கைப் பார்த்தே சொல்லிவிடுவார். உங்கள் பரணும் அப்படித் தெரிய வேண்டும். நாலு கால், ஏணி, மேலே கூரை போதும், அதற்குமேல் ஒரு கோடும் வேண்டாம். அடுத்து நிறத்தையெல்லாம் நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். யானையும் பின்னணியும் ஒரே சாம்பலாகக் கலந்தால் வெளிச்சத்தைத் திருத்த வேண்டும். கடைசியாக, உங்கள் வகைக் கேம்கள் வரிசையாக இருக்கும் ஸ்டீம் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நடுவில் உங்கள் படத்தை ஒட்டி, கேம் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் போனில் மூன்று நொடி காட்டிவிட்டு மூடிவிடுங்கள். "என்ன பார்த்தே?" என்று கேளுங்கள். "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள்.

இனி எழுத்து. தமிழில் பெயர் வைத்ததற்கு என் கை உங்கள் முதுகில் தட்டுகிறது. ஆனால் 'ண'வின் சுழிகள் சின்ன அளவில் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புக் கட்டியாகிவிடும், புள்ளி மறைந்து 'பரண' ஆகிவிடும். மெல்லிய கோட்டை விட்டுவிட்டுத் தடித்த எழுத்துக்கு மாறுங்கள், சுழிகளுக்குள் வெள்ளை தெரியும்படி அகலமாக எழுதச் சொல்லுங்கள், புள்ளியை வழக்கத்தைவிடப் பெரிதாக்குங்கள். உலகம் முழுக்கக் காட்டும் படத்தில் ஆங்கில எழுத்தில் பெயர் இருப்பதுதான் நடைமுறை. ஸ்டீமில் மொழிவாரியாகத் தனிப்படம் ஏற்றவும் வழி இருக்கிறது. கேம் விற்கும் இன்னொரு தளமான இட்ச்சில் 630×500 அளவில் ஒரே அட்டைதான், அங்கே தமிழ் எழுத்தைத் தாராளமாகப் பெரிதாகப் போடலாம். சின்ன கேப்ஸ்யூலில் பெயரே ஏறக்குறைய முழு இடத்தையும் பிடிக்கட்டும், பின்னால் தீயும் யானைக் கண்ணும் இருந்தால் போதும்.

ஒரே படத்தை எல்லா அளவுக்கும் வெட்டி ஒட்டினால் வேலைக்கு ஆகாது. தலைப்புப் படம் 920×430, படுத்த வாக்கு. செங்குத்துப் படம் 748×896, நின்ற வாக்கு. ஒன்றில் பையன் பக்கத்தில் நிற்பான், இன்னொன்றில் யானைக்கு மேலே பரணில் இருப்பான். அதனால் நண்பரிடம் யானை, பையன், பின்னணி, பெயர் எல்லாவற்றையும் தனித்தனி லேயராகக் கேட்டு வாங்குங்கள். "விருது பெற்றது", "50% தள்ளுபடி" போன்ற வாசகங்களை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். 2022 செப்டம்பரிலிருந்து கேப்ஸ்யூல் படத்தில் ஓவியமும் பெயரும் முறையான துணைத்தலைப்பும் மட்டும்தான் இருக்கலாம். செயற்கை நுண்ணறிவில் படம் செய்தால் அதையும் ஸ்டீமிடம் அறிவிக்க வேண்டும். அது உங்கள் பக்கத்திலேயே தெரியும், அதற்காகவே ஒதுங்குகிறவர்கள் உண்டு.

நண்பர்தானே என்று வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். பதிப்புரிமையை ஒருவர் மற்றவருக்கு மாற்றித்தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்கிறது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுதான், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். உங்கள் கேம் விற்கப்போவது உலகம் முழுக்க. ஒரு பக்கத்தில் இரண்டையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், பணம் கொடுப்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.

படத்தை மாற்ற ஸ்டீம் காசு கேட்பதில்லை. மாற்றிய பிறகு இரண்டு வாரம் வேறு எதையும் தொடாதீர்கள். டிரெய்லரையும் சேர்த்து மாற்றினால் எதனால் கூடியது என்று தெரியாமல் போகும். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று ஸ்டீம் காட்டும் கணக்கில் கிளிக் ஏறி, விஷ்லிஸ்ட் (பிறகு வாங்கலாம் என்று குறித்துவைப்பது) ஏறாவிட்டால் அட்டை தன் வேலையைச் செய்துவிட்டது, உள்ளே இருக்கும் ஸ்கிரீன்ஷாட்டுகளைக் கவனியுங்கள். அல்லது கேமில் இல்லாததைக் காட்டி அட்டை பொய் சொல்கிறது.

பழைய ஓவியத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கேம் வாங்கியவரின் நூலகத்தில் மேலே அகலமாக விரியும் படம் ஒன்று உண்டு, 3840×1240. அதில் எழுத்தே இருக்கக்கூடாது என்பது விதி. மலை, பனி, நிலா எல்லாவற்றுக்கும் அங்கே இடம் இருக்கிறது. திரைக்கேற்ப ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் முக்கியமானதை நடுவில் 860×380 அளவுக்குள் வைக்கச் சொல்வார்கள். மூலையில் நிற்கும் பையனை மட்டும் நடுவுக்கு நகர்த்தித் தரச் சொல்லுங்கள்.