பென்ட்ரைவில் எல்லாமே ஷோர்ட்கட். விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரோ "ஒன்றுமில்லை" என்கிறது. எப்படி ஸ்கேன் செய்வது?

ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷனில் பிரின்ட் எடுத்த பிறகு இப்படி ஆனதாகக் கேட்டிருக்கிறீர்கள். கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது. இந்த வகைப் புழு (தானாகப் பரவும் தீய மென்பொருள்) அவற்றை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷோர்ட்கட் வைக்கும். அதைத் திறந்தால் உங்கள் கோப்பும் திறக்கும், கூடவே புழுவும் ஓடும். இனி ஒன்றையும் திறக்காதீர்கள். பென்ட்ரைவைக் கழற்றி வையுங்கள். கணினியைச் சுத்தம் செய்யாமல் பென்ட்ரைவைச் சுத்தம் செய்தால், செருகிய சில நொடிகளில் ஷோர்ட்கட் திரும்ப வந்துவிடும்.

"ஒன்றுமில்லை" என்ற பதிலை உடனே நம்பவும் வேண்டாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்', அதில் 'மேனேஜ் செட்டிங்ஸ்', அடியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' (ஸ்கேன் செய்யாமல் விடும் இடங்களின் பட்டியல்) பாருங்கள். அங்கே நீங்கள் சேர்க்காத கோப்புறையோ, முழு சி டிரைவோ இருந்தால் டிஃபெண்டர் அந்த இடத்தை எட்டியே பார்த்திருக்காது. திருட்டு விண்டோஸை அக்டிவேட் செய்யும் கருவிகள் செய்கிற வேலை பெரும்பாலும் இதுதான். நீங்கள் சேர்க்காத எல்லாவற்றையும் அந்தப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

பிறகு டிஃபெண்டரை அப்டேட் செய்துவிட்டு, 'ஸ்கேன் ஒப்ஷன்ஸ்' போய் ஒஃப்லைன் ஸ்கேனைத் தெரிவு செய்யுங்கள். கணினி மீளத் தொடங்கி, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே தேடும். ஒளிந்து ஓடும் புழு அப்போது தப்புவது கடினம். 15 நிமிடமளவில் முடியும். அடுத்து ஃபுல் ஸ்கேன். இதற்கு மணிக்கணக்காகலாம். மழை நாளில் தோட்டப் பக்கம் கரண்ட் போய்வரும் என்பதால் லெப்டொப்பை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டே தொடங்குங்கள்.

ஃபுல் ஸ்கேன் வழமையாகப் பென்ட்ரைவைப் பார்க்காது. அதைக் கடைசியாகச் செருகி, வலது கிளிக்கில் தனியாக ஸ்கேன் செய்யுங்கள். ஃபோல்டர் ஒப்ஷன்ஸில் 'ஹைட் புரொடெக்டட் ஒப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதன் சரி அடையாளத்தை எடுத்து, மறைந்த கோப்புகளையும் காட்டச் சொன்னால் பெயரே இல்லாத ஒரு கோப்புறை தெரியக்கூடும். உங்கள் ஆவணங்கள் அதற்குள் இருக்கும். அவற்றை மட்டும் கணினிக்குப் பிரதி செய்துவிட்டு பென்ட்ரைவை ஃபோர்மட் செய்யுங்கள். விபிஎஸ் (.vbs), எக்ஸி (.exe) என்று பெயர் முடியும் எதையும் எடுக்க வேண்டாம்.

ஸ்கேனில் கடவுச்சொல் திருடும் மென்பொருள் அகப்பட்டால், வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை இந்தக் கணினியிலிருந்து மாற்றாதீர்கள், கைபேசியில் மாற்றுங்கள். அடுத்த முறை பிரின்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பிக் கொடுங்கள். பென்ட்ரைவ்தான் வேண்டுமென்றால், அந்த ஒரு கோப்பு மட்டும் இருக்கும் தனிப் பென்ட்ரைவ் கொண்டுபோங்கள்.