பழைய லாரி கேள்வி-பதில்: அசையாத முள்ளும் ஆடுகிற முள்ளும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், டேங்கில் டீசல் எவ்வளவு என்று காட்டும் டீசல் மீட்டர் பற்றியவை. மழைக்காலம் முடிந்தாலே இப்படித்தான், கனெக்‌ஷன் எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும்.

கே: டாடா 1210. சேஸிஸுக்கு பெயின்ட் அடித்து டேங்கை மாட்டியதிலிருந்து முள் அசையவே இல்லை. மீட்டர் போய்விட்டதா? (சங்ககிரி)

மீட்டர் போகவில்லை, எர்த் போய்விட்டது. டேங்க் யூனிட் என்பது டேங்குக்குள் மிதவையோடு இருந்து மீட்டருக்கு அளவு சொல்வது. அதன் மேல்தட்டு, ஸ்க்ரூ, டேங்க் பட்டை எல்லாவற்றிலும் பெயின்ட் அடித்துவிட்டால் கரன்ட் சேஸிஸ் வழியாக எப்படித் திரும்பும்? மேல்தட்டு ஸ்க்ரூ ஒன்றிலிருந்து சேஸிஸுக்குத் தனி வயர் இழுங்கள். இரண்டு முனையிலும் உப்புத்தாள் போட்டு, இரும்பு பளபளக்கும்வரை தேயுங்கள்.

கே: என் பழைய லாரியில் மீட்டர் சரியாகக் காட்டவில்லை. என்ன செய்யலாம்? (ஊர் எழுதவில்லை)

ஊர் மட்டுமா எழுதவில்லை? என்ன லாரி, 12 வோல்ட்டா 24 வோல்ட்டா, முள் மேலே நிற்கிறதா கீழேயா, எதுவுமே இல்லை. சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும். சரி, பொதுவான சோதனை இது: சாவியைப் போட்டு, டேங்க் யூனிட்டின் வயரைக் கழற்றுங்கள். முள் ஒரு கோடிக்குப் போகும். அந்த வயரைச் சேஸிஸில் ஓரிரு நொடி தொட்டால் எதிர்க்கோடிக்குப் போகும். இரண்டும் நடந்தால் மீட்டரும் வயரும் நல்லவை; கோளாறு யூனிட்டில், அல்லது அதன் எர்த்தில். முதலில் எர்த்தைப் பாருங்கள். வயரைத் தொட்டபடியே பிடித்துக்கொண்டிருந்தால் சில மீட்டர்களில் உள்ளே கருகிவிடும். பெட்ரோல் வண்டியானால் டேங்க் அருகே தீப்பொறி கூடவே கூடாது. டேஷ்போர்டில், மீட்டரின் பின்பக்க டெர்மினலில் செய்யுங்கள்.

கே: வளைவில் முள் ஆடுகிறது. (ஏற்காடு)

டேங்கில் டீசல் ஆடுகிறது. விட்டுவிடுங்கள்.

கே: லேலண்ட் காமெட்டுக்குப் புது மீட்டர் வாங்கி மாட்டினேன். டேங்க் நிறைந்தால் காலி என்கிறது, காலியானால் ஃபுல் என்கிறது. வயரை மாற்றிப் போட்டால் சரியாகுமா? (கரூர்)

ஆகாது. மிதவை ஏறி இறங்க ஓம்ஸ் (மின்தடை அளவு) மாறும், டேங்க் யூனிட்டின் வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த ஓம்ஸ் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. விடிஓ (VDO) கம்பெனி வகையில் பெரும்பாலும் காலிக்கு 10, ஃபுல்லுக்கு 180. பழைய ஃபோர்டில் காலிக்கு 70 சொச்சம், ஃபுல்லுக்கு 10. ஒன்று ஏறுகிறது, மற்றது இறங்குகிறது. ஒன்றின் மீட்டரை மற்றதன் யூனிட்டோடு கட்டினால் தலைகீழாகத்தான் காட்டும்.

'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று கடையில் சொன்னார்களாம். டேஷ்போர்டு ஓட்டைக்குப் பொருந்தும், ஓம்ஸுக்குப் பொருந்தாது! மீட்டர் காட்டவில்லை என்றதும் முதல் வேலையாக மீட்டரை மாற்றுகிற இந்த வழக்கத்தை எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. ஐந்து ரூபாய் வயரில் தீர வேண்டியதற்கு இரண்டாயிரம் ரூபாய் செலவு. போதாததற்கு அந்தக் காலத்து அசல் மீட்டர் காயலான் கடைக்குப் போகிறது. அதே அசல் திரும்ப எங்கே கிடைக்கும்? பழையதை இன்னும் காயலான் கடைக்குப் போடவில்லை என்றால் அதையே மாட்டி, எர்த்தைப் பாருங்கள். போட்டுவிட்டீர்கள் என்றால் யூனிட்டைக் கழற்றி, மிதவையைக் கீழும் மேலும் நகர்த்தி மல்டிமீட்டரில் ஓம்ஸ் குறித்துக்கொண்டு, அதற்கேற்ற மீட்டரைக் கேட்டு வாங்குங்கள்.

கே: பெட்ஃபோர்ட் லொறி. டாங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும் முள் காலியிலேயே நிற்கிறது. எர்த், வயர் எல்லாம் பார்த்தாயிற்று. (வவுனியா)

எர்த் பார்த்துவிட்டு எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். மிதவை மூழ்கியிருக்கும். கழற்றிக் காதருகே ஆட்டுங்கள், சலசலத்தால் உள்ளே பெட்ரோல் புகுந்துவிட்டது. புது மிதவை போடுங்கள். பழையதற்கு ஈயப் பற்று வைக்கப் போகாதீர்கள், வெடிக்கும்.

கே: டெம்பரேச்சர் மீட்டரும் டீசல் மீட்டரும் ஒரே நேரத்தில் கூடுதலாகக் காட்டுகின்றன. (நாமக்கல்)

இரண்டுக்கும் பொதுவாக டேஷ்போர்டு பின்னால், மீட்டர்களுக்குப் போகும் வோல்டேஜை ஒரே அளவில் வைக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன் எர்த். ஆமாம், மறுபடியும் எர்த்.

கே: மீட்டரே வேண்டாம், குச்சி விட்டுப் பார்த்துக்கொள்ளலாமா? (தாராபுரம்)

தாராளமாக. காலி டேங்கில் இருபது இருபது லிட்டராக ஊற்றி, குச்சியில் ஒவ்வொரு முறையும் கோடு போடுங்கள். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். கடைசி இருபது லிட்டரைத் தொடாதீர்கள். அடி மண்டி ஃபில்டருக்கு வந்துவிடும், டீசல் தீர்ந்தால் குழாயில் காற்றுப் புகுந்து ஏர் லாக் ஆகி, ரோட்டோரம் பம்ப் அடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.