கழிவு கலந்த கண்மாய் வண்டலை வயலுக்கு அடிக்கலாமா?

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் இரண்டு வருடமாக ஆலைக் கழிவு கலக்கிறது. தண்ணீர் கருத்து நாறுகிறது, மீன் செத்து மிதந்தது. கோடையில் வண்டல் அள்ளி மூன்று ஏக்கர் நெல் வயலுக்கு அடிக்க நினைக்கிறேன். ஆகாயத்தாமரை வளர்த்தால் தண்ணீர் சுத்தமாகும் என்கிறார்கள். செய்யலாமா ஐயா?

பதில்: வண்டலை இந்தக் கோடையில் தொடாதீர்கள். நம் சரளைச் செம்மண்ணுக்குக் கண்மாய்க் கரம்பை எவ்வளவு பெரிய வரம் என்று எனக்குத் தெரியும். தாத்தா காலத்திலிருந்து வண்டி கட்டி அடித்த மண் அது. அதனால்தான் மனம் பதறிச் சொல்கிறேன். குரோமியம், காரீயம், காட்மியம் எல்லாம் தண்ணீரைவிட அடிச்சேற்றில்தான் படிகின்றன. மேலே தண்ணீர் தெளிந்தாலும் சேற்றில் விஷம் கிடக்கும். ஒருமுறை வயலில் பரப்பிவிட்டால் திரும்ப அள்ள வழியில்லை. மண்ணில் அமிலத்தன்மை இருந்தால் காட்மியம் நெல்மணிக்குள் இன்னும் சுலபமாக ஏறும். தண்ணீரோடு சேற்றையும் சோதித்து, முடிவு வந்த பிறகு பேசுவோம்.

ஆகாயத்தாமரை வேர் உலோகத்தை இழுப்பது உண்மைதான். ஆனால் அள்ளி அப்புறப்படுத்தாவிட்டால் அழுகி அதே கண்மாயில்தான் கலக்கும். அள்ளியதை மாட்டுக்கும் போடக்கூடாது, உரக்குழிக்கும் ஆகாது. தண்ணீரில் கரைந்த உப்பை ஆகாயத்தாமரையால் நீக்க முடியாது. கடையில் விற்கும் நுண்ணுயிர்க் கரைசல் நாற்றத்தைக் குறைக்கலாம், உலோகத்தை ஒன்றும் செய்யாது. நொய்யல் ஆற்றில் பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே சாயக்கழிவு தேங்கிப் பாழானது. கழிவு வரும் வழியை அடைக்காமல் எந்த வைத்தியமும் பலிக்காது.

அதற்கு, கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலில் கழிவு ஓடும்போதே மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரியை வரவழையுங்கள். 1974 நீர்ச் சட்டத்தின்படி அவர் முறையாக எடுக்கும் மாதிரிதான் வழக்கில் நிற்கும், நாம் பிடித்து வைத்த பாட்டில் நிற்காது. இந்தக் கண்மாயில் பாசனம் பெறும் ஆயக்கட்டுக்காரர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு, தேதியோடு படமும் சேர்த்து, ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். தனி ஆளாகப் போக வேண்டாம்.

உங்கள் வயலுக்காகக் கழிவு நுழையும் இடம், நடுக்கண்மாய், மடைவாய் மூன்றிலும் தண்ணீர் எடுத்துச் சோதியுங்கள். எங்கே கொடுப்பது என்று குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துத்திறன் (EC) மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குள் இருந்தால் உப்பால் தொல்லையில்லை, 3-ஐத் தாண்டினால் பாய்ச்சவே வேண்டாம். உப்பு குறைவு என்பதால் உலோகம் இல்லை என்று ஆகாது, அதையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். சோடியம் ஏறிய மண்ணைச் சரிசெய்ய ஜிப்சம் போடலாமா என்பதை மண்ணில் சோடியம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிறேன்.

அதுவரை ஆடு மாடுகளை அந்தத் தண்ணீரில் வாய் வைக்க விடாதீர்கள். கண்மாய் மீனைக் குழந்தைகளுக்குச் சமைத்துக் கொடுக்காதீர்கள்.