ஒரு மணி நேர சைக்கிளுக்கு 900 கலோரியா?

82 கிலோ எடை, தினமும் காலையில் ஒரு மணி நேரத்தில் 17 கிலோமீட்டர், ஆப் 900 கலோரி காட்டுகிறது, மூன்று வாரமாகியும் எடை அசையவில்லை என்கிறீர்கள். அந்த 900-ஐ முதலில் மறந்துவிடுங்கள் சார்.

உடல் எவ்வளவு உழைக்கிறது என்பதைச் சொல்ல மெட் என்றொரு அளவு உண்டு. சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். அதாவது உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு ஏறக்குறைய 1 கலோரி. உங்கள் வேகத்துக்கு சுமார் 6.8 மெட். 82-ஆல் பெருக்கினால் 558. வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் 82 செலவாகியிருக்கும், அதைக் கழியுங்கள். சைக்கிளால் கூடுதலாகக் கரைந்தது 475 சொச்சம்தான். சிக்னலில் நின்ற நேரத்தையும் ஆப் சேர்த்திருந்தால் இன்னும் குறையும். நானாக இருந்தால் 400 என்றே எழுதிக்கொள்வேன்.

ஆப்பில் உங்கள் எடையைச் சரியாகப் போட்டிருக்கிறீர்களா? இதயத்துடிப்பை வைத்துக் கணக்கிடும் ஸ்மார்ட் வாட்சும் ஏமாற்றும், வெயிலிலும் இதயத்துடிப்பு ஏறும், அதையும் உழைப்பென்று கணக்கில் சேர்த்துவிடும். பெடலை மிதிக்கும் சக்தியை நேரடியாக அளக்கும் பவர் மீட்டர் நம்பகமானது. உடல் எரிப்பதில் கால்வாசி அளவே பெடலுக்குப் போகிறது, ஒரு கலோரி 4.18 கிலோஜூல், இரண்டும் ஈடாகிவிடுவதால் மீட்டர் காட்டும் கிலோஜூலையே கலோரியாக எடுத்துக்கொள்ளலாம். விலை கேட்டால் தலை சுற்றும், எடை குறைக்க மட்டும் என்றால் வேண்டாம்.

திரும்பும் வழியில் பூரி செட் சாப்பிடுவதாகப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, எனக்குச் சந்தேகம் அதன்மேல்தான். இரண்டு வாரம் அதை வீட்டு இட்லியாக மாற்றி, தினமும் காலையில் எடை பார்த்து, வாரச் சராசரியை இங்கே போடுங்கள்.