மார்கோஸ் காலத்து மணிலா – கடிதம்

வணக்கம்,

பிலிப்பைன்ஸ் திரைப்பட இயக்குநர் லினோ ப்ரோகா பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்துவிட்டு ‘இன்சியாங்’ படத்தைத் தேடிப் பார்த்தேன். இரண்டு நாள் தூக்கம் கெட்டது. நான் ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் கணக்குப் பார்க்கிறேன். உடன் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் சிரித்துக்கொண்டே, “மார்கோஸ் காலம்தான் எங்களுக்குப் பொற்காலம். கலை மையம் கட்டியது அவர்கள், இதய மருத்துவமனை கட்டியது அவர்கள், நீ பார்த்த படமும் அப்போது வந்ததுதான்” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. யோசித்தால் அவர் சொல்வதில் நியாயம் இருப்பதுபோலத்தான் தெரிகிறது. அடக்குமுறை இருந்தால்தான் பெரிய கலை வருமா? நம் காலத்து எழுத்து சப்பென்று இருப்பதற்கு நம் வசதியான வாழ்க்கைதான் காரணமா? இந்தக் காலகட்டத்தைப் படிக்க எங்கிருந்து தொடங்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

ர., ஷார்ஜா

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர் சொன்ன தகவல்கள் சரிதான். மணிலா விரிகுடாவைத் தூர்த்த நிலத்தில் பிலிப்பைன்ஸ் கலாச்சார மையம் 1969இல் திறக்கப்பட்டது, இதய மருத்துவமனை 1975இல் வந்தது. ப்ரோகாவின் படங்களில் ‘மணிலா, ஒளியின் நகங்களில்’ 1975, ‘இன்சியாங்’ 1976. எல்லாமே அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் ஆட்சியில் நடந்தவை. அவர் 1972 செப்டம்பரில் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார், 1981 ஜனவரியில் பெயருக்கு அதை விலக்கினார், 1986 பிப்ரவரியில் மக்கள் தெருவுக்கு வந்தபிறகு ஹவாய்க்கு ஓடினார். அந்த ஆட்சியில் வதைபட்டவர்கள் என்று பிலிப்பைன்ஸ் அரசே பிற்பாடு சட்டம் போட்டு அங்கீகரித்து இழப்பீடு கொடுத்தவர்கள் மட்டும் 11,103 பேர். இந்த எண்ணையும் அந்தக் கட்டடங்களின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நண்பரிடம் சொல்லிச் சண்டை போடாதீர்கள். 2022இல் மார்கோஸின் மகனுக்கு மூன்று கோடிக்கும் மேலானவர்கள் வாக்களித்தார்கள், இவர் ஒருவரைத் திருத்தி என்ன ஆகப்போகிறது.

கலையை வெறுத்த ஆட்சி அல்ல அது. நாம் வழக்கமாகக் கற்பனை செய்யும், புத்தகத்தைக் கண்டாலே எரிக்கிற ஜெனரல் அங்கே கிடையாது. முதல் பெண்மணி இமெல்டாவுக்குக் கலை என்றால் கொள்ளை ஆசை. உண்மை, நன்மை, அழகு என்று கலாச்சார மையத்துக்கு ஒரு தாரக மந்திரமே இருந்தது. தேசியக் கலைஞர் என்ற பட்டமும் அவர்கள் காலத்தில் ஏற்பட்டதுதான். 1973இல் அந்தப் பட்டத்தைப் பெற்றவர்களில் அமாதோ எர்னாந்தஸும் ஒருவர். 1950களில் தொழிற்சங்கத் தலைவராக இருந்ததற்காகச் சிறையில் கிடந்து கவிதை எழுதியவர். பட்டம் வந்தபோது அவர் செத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. செத்த கலகக்காரரால் எந்த ஆட்சிக்கும் தொந்தரவில்லை.

ஆனால் இமெல்டாவின் அழகில் குடிசைக்கு இடமில்லை. 1974இல் மணிலாவில் பிரபஞ்ச அழகிப் போட்டி நடந்தபோது, விருந்தினர்கள் போகிற வழியில் இருந்த சேரிகளை வெள்ளையடித்த வேலி வைத்து மறைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து ப்ரோகா அந்த வேலிக்குப் பின்னாலேயே கேமராவைக் கொண்டுபோய் வைத்தார். ‘இன்சியாங்’ எப்படித் தொடங்குகிறது, ஞாபகம் இருக்கிறதா? அறுப்புக்கூடத்தில் பன்றிகளின் கழுத்தில் கத்தி இறங்குகிறது. பெயர்கள் ஓடி முடிவதற்குள் நமக்கு வயிறு கலங்கிவிடுகிறது. அப்புறம் தோண்டோ சேரி, தாய், மகள், இருவருக்கும் நடுவில் அந்த அறுப்புக்கூடத்து ஆள். படத்தில் மார்கோஸ் என்ற பெயர் வராது, ராணுவம் வராது, ஒரு போலீஸ்காரர்கூட முக்கியமில்லை. ஆனாலும் அரண்மனைக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் அந்த இடம் தெரிந்துவிட்டது. இஷ்மாயெல் பெர்னாலின் ‘இரவில் மணிலா’ (1980) பட்டபாடு இன்னும் வேடிக்கை. தலைப்பிலிருந்து ஊர்ப்பெயரை எடுக்கச் சொன்னார்கள். வசனத்தில் மணிலா என்று வரும் இடங்களையெல்லாம் வெட்டினார்கள். பெர்லின் விழாவுக்குப் போகவும் விடவில்லை. போதை, பாலியல் தொழில், வேலையின்மை எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும், அது எந்த ஊர் என்று மட்டும் சொல்லிவிடாதே!

இதில் சின்னப் பிள்ளைகளையும் விடவில்லை. ‘வோல்டஸ் ஃபைவ்’ என்ற ஜப்பானிய ரோபோ கார்ட்டூனுக்கு அங்கே பைத்தியமாக இருந்தார்கள். 1979இல், கதை முடிய ஒருசில பகுதிகளே இருக்கும்போது, வன்முறை என்று காரணம் சொல்லி மார்கோஸ் அதை நிறுத்திவிட்டார். கொடுங்கோலாட்சியை எதிர்த்து எழுகிற கட்டம் வரப்போகிறது என்பதால்தான் நிறுத்தினார் என்று அந்தத் தலைமுறை இன்றும் நம்புகிறது. உங்கள் நண்பரின் வயதைப் பார்த்தால் அவருக்கும் அந்தக் கோபம் மிச்சம் இருக்கலாம்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அடக்குமுறைதான் கலையை உண்டாக்கியது என்று சொல்பவர்கள் எல்லோரும் தவறாமல் ஓர் உதாரணம் சொல்வார்கள். அதையே எடுத்துக்கொள்வோம்.

ஹோசே லகாபா என்ற இளம் கவிஞர், பத்திரிகையாளர். 1970இன் முதல் மூன்று மாதங்கள் மாணவர்கள் மணிலா தெருக்களில் போலீசோடு மோதினார்கள். அதை ‘ஃப்ரீ பிரஸ்’ வார இதழுக்காகக் கூட்டத்துக்குள்ளேயே நின்று எழுதியவர் அவர். ராணுவச் சட்டம் வந்த அன்றே பத்திரிகைகள் மூடப்பட்டன, லகாபா தலைமறைவானார். அடுத்த வருடம் ‘ஃபோகஸ்’ என்ற இதழில், ரூபன் கேவாஸ் என்று யாரோ ஒருவர் எழுதிய ஆங்கிலக் கவிதை ஒன்று வெளியானது. கட்டவிழ்ந்த ப்ரோமிதியஸைப் பற்றியது. செவ்வாய், ஆர்ட்டெமிஸ் என்று கிரேக்க, ரோமானியச் சரக்கு நிறைய. பார்த்தால் கல்லூரி ஆண்டுமலரில் வருகிற சாதுவான கவிதை மாதிரி இருக்கும். வரிகளின் முதல் எழுத்துகளை மேலிருந்து கீழாகக் கோர்த்துப் படித்தால் ‘மார்கோஸ் ஹிட்லர் திக்தாதோர் தூத்தா’ என்று வரும். மார்கோஸே, ஹிட்லரே, சர்வாதிகாரியே, நாய்க்குட்டியே. 1970இல் தெருவில் மாணவர்கள் தொண்டை கிழியக் கத்திய கோஷம் அது. விஷயம் தெரிந்து பிரதிகளைக் கடைகளிலிருந்து அள்ளுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

இந்தக் கதையை எல்லோரும் இந்த இடத்தில் நிறுத்திக் கை தட்டுவார்கள். எனக்கு அதைவிட, அந்த இதழின் ஆசிரியர் யார் என்பதுதான் முக்கியம். கெரிமா போலோதான் என்ற எழுத்தாளர். பிலிப்பைன்ஸின் ஆங்கில உரைநடையில் மிக நல்ல கை. இமெல்டாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் அவர்தான். கணவர் அரண்மனை அதிகாரி. அதாவது திறமை, ரசனை, மொழி எல்லாம் இருந்த ஒருவரும் அதே நெருக்கடியில்தான் வாழ்ந்தார், அந்தப் பக்கம் நின்றார். நெருக்கடி தன்னால் எழுத்தாளரைத் தீட்டிவிடும் என்றால் அவரையும் தீட்டியிருக்க வேண்டுமே.

லகாபாவை 1974இல் பிடித்தார்கள். சித்திரவதை செய்தார்கள். ஏறத்தாழ இரண்டு வருடம் உள்ளே வைத்திருந்தார்கள். 1976இல் நிக் வாகீனுக்குத் தேசியக் கலைஞர் பட்டம் தர ஆட்சி விரும்பியது. அவர் அங்கே எல்லோரும் மதித்த பெரிய எழுத்தாளர், ‘ஃப்ரீ பிரஸ்’ நாட்களில் லகாபாவோடு வேலை பார்த்தவர். லகாபாவை விட்டால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். விட்டார்கள். அதன் பிறகு ஒரு விழாவில், இமெல்டாவை எதிரில் வைத்துக்கொண்டே கலைஞனின் சுதந்திரத்தைப் பற்றி வாகீன் பேசினார். மார்கோஸ் போகும்வரை அரசு விழாக்களுக்கு அவரை யாரும் பேசக் கூப்பிடவில்லை. அரசு விருதை வாங்கலாமா கூடாதா என்று நம் ஆட்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, விருதை வாங்கி ஓர் ஆளை மீட்ட இந்தக் கணக்கை அதில் எங்கே வைப்பது?

லகாபாவுக்கு ஒரு தம்பி இருந்தார். எம்மானுவெல், சுருக்கமாக ஈமான். ஆங்கிலத்தில் தொடங்கி தாகாலோகுக்கு வந்து, மின்டனாவோ காட்டுக்குள் கெரில்லாக்களோடு சேர்ந்தபின் அந்தப் பக்கத்து மக்களின் பிசாயா மொழிக்கும் வந்த கவிஞர். அதே 1976 மார்ச்சில் உயிரோடு பிடிபட்டார், சுட்டுக் கொன்றார்கள். வயது 27. அவருடைய கவிதைத் தொகுப்பு மார்கோஸ் போன வருடம்தான் வெளியானது. அடக்குமுறை கலையை வளர்த்தது என்று கணக்கெழுதும்போது வரவில் ப்ரோமிதியஸ் கவிதையைப் போட்டுக்கொள்கிறோம். ஈமான் 40 வயதில் என்ன எழுதியிருப்பார் என்பதைச் செலவில் யாரும் எழுதுவதில்லை.

இன்னொன்று, வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். லுவால்ஹாதி பவுதிஸ்தாவின் ‘தெகாதா செதெந்தா’, அதாவது எழுபதுகள், பாலன்கா என்ற இலக்கியப் பரிசு வாங்கியது 1983இல். ராணுவச் சட்டக் காலத்தை நேருக்கு நேர் சொல்லும் நாவல் அது. ஐந்து மகன்களைப் பெற்ற ஒரு நடுத்தர வர்க்கத்து அம்மா, அமாண்டா, கதை சொல்கிறாள். ஒரு மகன் காட்டுக்குப் போகிறான். அரசியலே தெரியாத இன்னொருவன் பிணமாகக் கிடைக்கிறான். மைக் தெ லியோனின் ‘சிஸ்டர் ஸ்டெல்லா எல்’ 1984. வேலைநிறுத்தத்தில் இறங்கும் கன்னியாஸ்திரீயின் கதை. ப்ரோகாவின் ‘பயான் கோ’வும் 1984தான். அச்சகத் தொழிலாளி ஒருவன் கடனாலும் வேலைநிறுத்தத்தாலும் நசுங்கும் கதை. பிரதியைக் கடத்திக்கொண்டுபோய்த்தான் கான் விழாவில் காட்டினார்கள், தணிக்கை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்த இரண்டு படங்களிலும் திரைக்கதையில் லகாபாவின் கை உண்டு. எல்லாமே பிடி தளர்ந்த பிறகு வந்தவை. படங்கள் இரண்டும், 1983 ஆகஸ்டில் எதிர்க்கட்சித் தலைவர் நினோய் அகினோவை விமான நிலையத்தில் சுட்டுக் கொன்றபிறகு பயம் விட்டுப்போன காலத்தவை. பிடி இறுகியிருந்த 1972 முதல் சில வருடங்களில் என்ன வந்தது என்று தேடினால் மூடிய பத்திரிகைகளும், சைக்ளோஸ்டைல் தாள்களும், சிறையும்தான் கிடைக்கும். ப்ரோகாவின் இரண்டு படங்கள் விதிவிலக்கு. அவையும் வறுமை என்ற போர்வைக்குள் இருந்ததால் தப்பித்தவை. ‘ஒளியின் நகங்களில்’ படத்துக்கு மூலமான நாவல் 1966–67இலேயே ‘லிவாய்வாய்’ இதழில் தொடராக வந்தது. ப்ரோகா இயங்கிய ‘பேத்தா’ நாடகக் குழு 1967இல் தொடங்கியது. விதைத்தது சுதந்திரம் இருந்த நாட்களில்.

ஒளித்துச் சொல்லும் சாமர்த்தியத்தையும் மார்கோஸ் கணக்கில் எழுத முடியாது. 1838இல் கவிஞர் பலக்தாஸ் ஸ்பானியர்களின் கொடுமையைப் பாடியபோது கதையை அல்பேனியாவில் நடப்பதாக வைத்துக்கொண்டார். அமெரிக்கர்கள் வந்தபின் தேசத்துரோக நாடகங்கள் என்று ஒரு வகையே இருந்தது. நடிகர்கள் வெவ்வேறு நிறத்தில் உடுத்திக்கொண்டு மேடையில் அங்குமிங்கும் நடப்பார்கள், ஒரு கணம் சேர்ந்து நின்றால் புரட்சிக் கொடி தெரியும். போலீஸ்காரர் எழுவதற்குள் கலைந்துவிடுவார்கள். 1977இல் போனிஃபாசியோ இலகான் தன் நாடகத்தைக் கத்தோலிக்கத் திருப்பலி வடிவில் எழுதினார். பூசையை யார் தடுப்பது? ஆனாலும் இயக்குநர் பென் செர்வாந்தஸைக் கைது செய்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெர்னாலின் ‘ஹிமாலா’ (1982) அந்த நாட்டின் மிகச் சிறந்த படங்களில் ஒன்று, அதற்குப் பணம் போட்டது அரசு நிறுவனம், அதன் தலைமையில் இருந்தவர் மார்கோஸின் மகள். எழுதிய ரிக்கி லீ அதே ஆட்சியில் சிறையில் இருந்தவர். இதையும் என் வாதத்துக்குள் அடக்க வழியில்லை, அடக்கவும் வேண்டாம். அதே சமயம், திரைப்பட விழாவுக்காக அவசர அவசரமாகக் கட்டிய திரைப்பட மையத்தில் 1981 நவம்பரில் சாரம் சரிந்து தொழிலாளர்கள் ஈர சிமெண்டில் புதைந்தார்கள். மீட்புக்காரர்களை மணிக்கணக்கில் உள்ளே விடவில்லை. விழா ஜனவரியில் திட்டப்படி நடந்தது.

நம் எழுத்து சப்பென்று இருப்பதற்கு வசதி காரணமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. சப்பென்று எழுதுபவர்களைச் சிறையில் போட்டால் சிறையிலிருந்து சப்பென்று எழுதுவார்கள்.

எங்கே தொடங்குவது? ‘இன்சியாங்’ பார்த்துவிட்டீர்கள், அடுத்து ‘ஒளியின் நகங்களில்’. இரண்டுமே மீட்டெடுத்த நல்ல பிரதிகளில் கிடைக்கின்றன. அதில் கட்டட வேலை செய்யும் காட்சிகளைக் கவனியுங்கள். கூலிப் பட்டியலில் கையெழுத்துப் போடுவது ஒரு தொகைக்கு, கைக்கு வருவது வேறு தொகை. வளைகுடாவில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. படிப்பதற்கு, 1970 போராட்டங்களைப் பற்றிய லகாபாவின் கட்டுரைகள் ஆங்கிலத்திலேயே தொகுப்பாக இருக்கின்றன. கண்ணீர்ப்புகையின் நடுவிலும் நக்கல் குறையாத எழுத்து. நிக் வாகீனின் சிறுகதைகள் பெங்குவின் பதிப்பாக வந்திருக்கின்றன, அவற்றில் இந்த அரசியல் இல்லை என்பதால் தள்ளிவிடாதீர்கள். ஓவியத்தில் அந்திபாஸ் தெலோதாவோவின் 1978ஆம் வருடத்து நீர்வண்ணம் ஒன்றை இணையத்தில் தேடிப் பாருங்கள், ‘மாங் ஹுவானின் நெஞ்சில் கத்தி’ என்று பெயர். ஒட்டிப்போன கன்னம், தொங்கிய தோள், வயதான தொழிலாளி ஒருவர் பெரிய சிவப்பு கோகோ கோலா விளம்பரத்தைக் கடந்து போகிறார். அந்த எழுத்தின் வளைந்த வால் கூர்மையாக நீண்டு அவர் மார்புக்கு நேராக வந்து நிற்கிறது. அவர் அதைப் பார்க்கவில்லை. அந்தக் காலத்துச் சமூக யதார்த்த ஓவியர்களில் பலர் கையை உயர்த்திக் கோஷமிடும் கூட்டத்தையே வரைந்து தள்ளினார்கள், எனக்கு அவற்றில் பெரிய ஈடுபாடு இல்லை. இது வேறு ரகம்.

‘பயான் கோ’ கிடைப்பது கொஞ்சம் கடினம். கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள், நான் பார்த்த பிரதி பாதி இருட்டு.

அன்புடன்