மானாவாரி நிலத்தில் சூபாபுல் போன்ற தீவனப் பயிர் போடலாமா? களையாகப் பரவிவிடுமா?

ஆடு மாடு வைத்திருக்கிறீர்கள், கிணற்றில் தண்ணீர் குறைவு, யாரோ சூபாபுல் விதை வாங்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

காங்கேயம் பக்கம் எங்களுக்குக் கொறங்காடு இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, அங்கங்கே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். தாத்தா காலத்து மேய்ச்சல் காடு. பக்கத்துக் காட்டுக்காரர் இலவசமாகக் கிடைத்த சூபாபுல் நாற்றை (எங்கள் பக்கம் சவுண்டல்) வேலியோரம் வரிசையாக நட்டார். தழையை ஆடுகள் ஆசையாகத்தான் தின்றன. ஆனால் காய் முற்றி வெடித்ததும் விதை எங்கள் காட்டில் விழுந்தது. வெட்டினால் துளிர்க்கிறது. பிடுங்கினாலும், தோல் கெட்டியான விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடந்து மழைக்கு முளைக்கிறது. ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் அம்மாவும் நானும்தான் குனிந்து பிடுங்குகிறோம். நட்டவரைக் கேட்டால், "மரம் நட்டது ஒரு குத்தமா தம்பி?" என்கிறார்.

நான் சூபாபுலுக்கு எதிரி இல்லை, உடனே சண்டைக்கு வராதீர்கள். அதன் தழையில் புரதம் அதிகம் என்பது எனக்கும் தெரியும். வறட்சி தாங்கணும், கடித்தாலும் துளிர்க்கணும், தானே விதைத்துக்கொள்ளணும் என்றுதானே தீவனப் பயிரைத் தேடுகிறோம்? களைக்கும் அதே குணங்கள்தான். எங்கள் கொழுக்கட்டைப் புல்லையே மாட்டுக்காக ஆஸ்திரேலியாவில் விதைத்துப் பரப்பினார்கள். அது வறண்ட காடுகளில் தீக்கு இரையாகக் குவிய, 2015-இல் தெற்கு ஆஸ்திரேலியா அதைக் களையாக அறிவித்தது.

தண்ணீர் இருந்தால் கோ-4 கம்பு நேப்பியர் போடுங்கள். கம்பையும் நேப்பியர் புல்லையும் கலந்து உருவாக்கிய தீவனப் புல் அது. கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியருக்கு 28. இரண்டிலும் பாதி பாதி சேர்ந்து கலப்புப் புல்லுக்கு வருவது 21. அவை ஒழுங்காக ஜோடி சேராததால் விதை பிடிக்காது, கரணை (தண்டுத் துண்டு) நட்டால்தான் உண்டு. விதையில்லாத சூபாபுலுக்கும் ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி நடக்கிறது. மானாவாரிக்காரர்களுக்கு அப்படியொன்று இங்கேயும் வேண்டும். ஆனால் நம் கவலை யாருக்குக் கேட்கிறது? மேய்ச்சல் காடு என்றாலே "சும்மா கிடக்கிற நிலம்" என்று சொல்லி, மனை போட விலை பேச வந்துவிடுகிறார்கள். புல் விளைவது அவர்கள் கண்ணுக்கு விளைச்சலாகவே தெரியவில்லை.

சரி, உங்களிடம் ஏற்கெனவே சூபாபுல் இருந்தால் ஓடைக் கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். இடுப்பு உயரத்தில் வெட்டி வெட்டித் தீவனமாகப் போடுங்கள், காய் முற்ற விடாதீர்கள்.